அலுமாரிக்குள் துவக்கு: மாக்ஸ் பிரிஷின் மூன்று நூல்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

எண்பதுகளின் நடுப்பகுதியில் சுவிசுக்கு வந்து சேர்ந்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள். முதல் பனி, முதல் அகதி முகாம், முதல் விசாரணை என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் ஒரு கட்டத்தில் ரயிலுக்கு வந்து நிற்பார்கள். ஞாயிறு மாலை, பேர்ண் புகையிரத நிலையம். சீருடையில் பத்துப் பதினைந்து பெடியன்கள், தோளில் துவக்கு, பெட்டிக்குள் ஏறுகிறார்கள். எம்மவருக்கு உள்ளங்கை வியர்க்கிறது. கை தன்பாட்டில் அடையாள அட்டையைத் தேடிச் சட்டைப்பைக்குப் போகிறது. துவக்கோடு வந்தவன் குனிந்து, இந்த இடத்தில் யாரும் இருக்கிறார்களா என்று கேட்கிறான். இல்லை என்று தலையாட்டியதும் நன்றி சொல்லி, துவக்கைப் பொதி வைக்கும் தட்டில் ஏற்றிவிட்டு அமர்ந்து, பாண் துண்டொன்றைச் சாப்பிடத் தொடங்குகிறான்.

இந்தக் கதையை நாம் பலரிடம் பல வடிவங்களில் கேட்டிருக்கிறோம். சிலரின் கதையில் பெடியன்களின் தொகை கூடும், சிலரின் கதையில் துவக்கு பக்கத்து இருக்கையில் சாய்ந்து கிடக்கும். மாறாமல் இருப்பது அந்த மரியாதை. எமக்குத் தெரிந்த துவக்குகள் இடம் கேட்டதில்லை. அவை இறங்கச் சொல்லும், வரிசையில் நிற்கச் சொல்லும், பெயரையும் ஊரையும் கேட்கும். துவக்கு வைத்திருப்பவன் பேசுவான், இல்லாதவன் கேட்டுக்கொண்டிருப்பான் என்பதே நாம் படித்த இலக்கணம். இங்கே துவக்கு வைத்திருப்பவன் பல்கலைக்கழக மாணவனாகவோ தச்சுவேலைக்காரனாகவோ இருந்தான். சனிக்கிழமைகளில் கிராமத்துக்கு வெளியே முந்நூறு மீற்றர் சூட்டுத் திடலிலிருந்து வெடிச்சத்தம் கேட்டபோது பதுங்குகுழி தேடிய கண்களோடு நாம் யன்னலைப் பார்த்தோம். முகாம் பொறுப்பாளர் சிரித்தபடி, அது விளையாட்டு என்றார்.

பிறகு பழகிப்போயிற்று. பழகியது மட்டுமல்ல, பெருமைப்படவும் தொடங்கினோம். இங்கே வீட்டுக்கு வீடு துவக்கு, ஆனாலும் ஒரு சண்டையும் இல்லை என்று ஊருக்குக் கடிதம் எழுதியவர்கள் எத்தனை பேர்! நாமும் எழுதினோம். குடிமக்களின் கையில் இருக்கும் துவக்கு குடிமக்களைச் சுடாது என்ற நம்பிக்கை அன்றைக்கு எமக்கு மிகவும் தேவைப்பட்டது. அந்த நம்பிக்கையின் மறுபக்கத்தைப் பார்க்க எமக்கு ஏறக்குறைய இருபத்தைந்து வருடங்கள் பிடித்தன. அதுவும் ஒரு நண்பரின் வீட்டு அலுமாரி வழியாக.

நண்பரின் மூத்த மகன் சுவிஸ் பிரசை. தாயும் தகப்பனும் இன்னமும் இலங்கைப் பிரசைகள்தான், சோம்பல் பாதி, நம்பிக்கை பாதி. மகன் இராணுவப் பயிற்சி முடித்து வீட்டுக்கு வந்தபோது கூடவே துவக்கும் வந்தது. சட்டப்படி அது வீட்டில்தான் இருக்க வேண்டிய காலம். தாய் அதைப் பார்த்துவிட்டு அந்த அறைக்குள் போவதை நிறுத்திவிட்டார்.

"தம்பி, உதை வேறை எங்கையும் குடுத்து வைக்கேலாதே?"

"அம்மா, இது என்ரை இல்லை, அரசாங்கத்தின்ரை. பயப்பிடாதேங்கோ, இதைக் கழட்டி வைச்சால் சுடாது."

அவன் கழற்றியது துவக்கின் பின்பக்கத்து இயங்குபாகத்தை. தானியங்கித் துவக்குகளில் அதைத் தனியாகப் பூட்டி வைக்கவேண்டும் என்பது விதி. வீட்டில் பூட்டுள்ள பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தாயின் பெட்டி. தாலிக்கொடியும், இரண்டு சோடிக் காப்பும், வலிகாமத்தில் இருபது வருடங்களாகக் கால் வைக்க முடியாதிருந்த காணியின் உறுதியும் இருக்கும் பெட்டி. துவக்கின் உயிர் அதற்குள் போயிற்று, திறப்பு தாயின் இடுப்பில். இதைச் சொல்லும்போது நண்பர் சிரித்தார், நாமும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோது சிரிப்பு நின்றுவிட்டது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

அந்தப் பெட்டிதான் எம்மை மாக்ஸ் பிரிஷிடம் மறுபடியும் அனுப்பியது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பற்றி 1965இல் அவர் எழுதிய ஒற்றை வரிக்காக மட்டுமே எம்மவர் பலருக்கு அவரைத் தெரியும். மேடைகளில் அந்த வரி தேய்ந்தே போய்விட்டது. அவர் தன் சொந்த நாட்டின் துவக்கைப் பற்றி மூன்று நூல்கள் எழுதியிருக்கிறார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மூன்றும் சிறியவை. மூன்றும் சேர்ந்து ஒரு மனிதன் முப்பது வயதுக்கு முன் நம்பியதை எண்பதை நெருங்கும்வரை அவிழ்த்துக்கொண்டே போன கதை.

முதலாவது, 1971இல் வந்த 'பள்ளிக்கூடத்துக்கான வில்ஹெல்ம் டெல்'. டெல்லின் கதையைத் தெரியாத சுவிஸ் பிள்ளை இல்லை, எமது பிள்ளைகளும் அதைப் படித்துவிட்டு வந்து எமக்குச் சொல்கிறார்கள். அல்ற்டோர்ப் சந்தையில் ஆளுநன் கெஸ்லர் கம்பத்தில் தொப்பியைத் தொங்கவிட்டு அதற்கு வணக்கம் வைக்கச் சொல்கிறான். டெல் வைக்கவில்லை. தண்டனையாக மகனின் தலையில் வைத்த அப்பிளை அம்பால் அடிக்கவேண்டும். அடிக்கிறான். பின்னர் கூஸ்நாக்றுக்குப் போகும் ஒடுங்கிய பாதையில் பதுங்கியிருந்து ஆளுநனைக் கொல்கிறான். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சார்ணெனில் எழுதப்பட்ட வெள்ளைப் புத்தகத்தில்தான் கதை முதன்முதலில் தலைகாட்டுகிறது. அதற்கு முன்பே டென்மார்க்கில் இதேபோல ஒரு அப்பிள் கதை இருந்திருக்கிறது. உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் ஷில்லர், 1804இல் நாடகமாக எழுதி. அவர் சுவிற்சர்லாந்தில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. (நாடு பார்க்காமல் நாட்டுக்கு வீரன் செய்து கொடுப்பது புலம்பெயர்ந்த எமக்கும் புதிய தொழில் இல்லை.)

பிரிஷ் செய்தது எளிய காரியம். கதையை ஆளுநனின் பக்கத்திலிருந்து சொன்னார். அவருடைய ஆளுநன் கொடுங்கோலன் இல்லை. சற்றே பருத்த, தலைவலிக்கார, மலைகள் நெருக்குவதையும் சூடான தெற்குக் காற்றையும் தாங்கமுடியாத ஓர் உத்தியோகத்தன். எப்போது ஊர் திரும்பலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவன். மலைவாசிகள் வாய் திறக்கமாட்டார்கள், அந்நியனை நம்பமாட்டார்கள். தொப்பி ஒரு சம்பிரதாயம். அப்பிள் விடயம் வேடிக்கையாகச் சொல்லப்போய் விபரீதமாகிப்போன ஒன்று. கடைசியில் அம்பு மட்டும் உண்மை. கதைக்குக் கீழே வரலாற்றாசிரியர்களை இழுத்துப்போட்டு நீண்ட நீண்ட அடிக்குறிப்புகள். அவற்றில் ஒன்றில், 1969இல் சூரிச் விமானநிலையத்தில் இஸ்ரேலிய விமானத்தைச் சுட்ட பலஸ்தீனர்கள் டெல்லையே துணைக்கு அழைத்ததை நினைவுபடுத்துகிறார். அன்றைய சுவிஸ் பத்திரிகைகளுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

எமது குறை என்னவென்றால், பிரிஷின் கிண்டல் ஷில்லருக்கு அநியாயம் செய்கிறது. ஷில்லரின் கடைசி அங்கத்தைக் கவனமாகப் படித்தவர்களுக்குத் தெரியும்: வீடு திரும்பும் டெல்லிடம் மகன் முதலில் கேட்பது வில் எங்கே என்றுதான். இனி அதைக் காணமாட்டாய், அது புனிதமான ஓர் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, இனி வேட்டைக்கும் உதவாது என்ற பொருளில் தகப்பன் பதில் சொல்கிறான். அதாவது கொன்ற கையோடு ஆயுதத்தை வீட்டுக்குக் கொண்டுவராத ஒரு மனிதனைத்தான் ஷில்லர் படைத்தார். இருநூறு வருடங்களாக இந்த நாடு அந்தக் காட்சியைக் கேட்கவில்லை. அல்ற்டோர்பில் 1895இல் நிறுத்திய சிலையில் டெல்லின் தோளில் வில் இருக்கிறது. சுவிஸ் தயாரிப்பு என்பதற்கு முத்திரையாகக் குறுக்குவில் பொறிக்கப்பட்டது. டெல்லின் பெயரைச் சொல்லியே ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் துவக்கு அலுமாரிக்குள் இருக்கவேண்டும் என்று வாதாடுகிறார்கள். பிரிஷ் கொஞ்சம் பொறுமையாக இருந்திருந்தால், ஷில்லரை உடைக்கத் தேவையில்லாமல் ஷில்லரைக் கொண்டே இவர்களை மடக்கியிருக்கலாம். இந்நாடகத்தை முதலில் தலையில் வைத்துக் கொண்டாடிய ஹிட்லர் 1941இல் மேடையிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் அதைத் தடைசெய்தான் என்பதையும் சொல்லிவிடலாம். பதுங்கியிருந்து ஆளுநனைக் கொல்லும் கதை ஆளுநர்களுக்கு எப்போதும் நல்லதில்லை.

ஆனாலும் பிரிஷின் நூலை மூடிவைத்தபின் எமக்கு வந்த நினைவு கூஸ்நாக்ற் இல்லை, பொன்னாலை. 1975 யூலை 27இல் வரதராஜப் பெருமாள் கோயிலடியில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டபோது எம்மில் பலர் பள்ளிக்கூடப் பையன்கள். இனிப்பு வாங்கித் தின்றவர்களும் எம்மிடையே உண்டு. அந்த நாளை அந்த மேயரின் கண்ணால், சாமி கும்பிடப் போன ஒரு மனிதனின் கண்ணால், பள்ளிக்கூடத்துக்காக எழுதிக் கொடுக்க எம்மில் யார் தயார்? பிரிஷுக்கு வந்தது பத்திரிகைக் கோபம் மட்டும். 1994 மே 1இல் பரிசில் சபாலிங்கம் அவரது வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டபோது, எழுதுகிற கைக்கு என்ன வரும் என்பதும் புலம்பெயர்ந்தவர்களுக்குக் காட்டப்பட்டது. அதனால் சுவிஸ்காரரின் அலுமாரியைப் பற்றி எழுதும்போது நாம் சுத்தமான கையோடு எழுதுவதாகப் பாவனை பண்ண விரும்பவில்லை.

இரண்டாவது நூல் 'சேவைப் புத்தகம்', 1974இல் வந்தது. சிப்பாய்கள் ஒவ்வொருவருக்கும் இராணுவம் கொடுக்கும் சிறு பதிவேட்டின் பெயர் அது. இரண்டாம் உலகப் போரின்போது எல்லையில் பீரங்கிப் படைச் சிப்பாயாக பிரிஷ் 650 நாட்கள் நின்றிருக்கிறார். அப்போதே, 1940இல், ஒரு நாட்குறிப்பும் வெளியிட்டார். தேசபக்தி வழியும் நூல் அது. முப்பத்துநான்கு வருடங்களுக்குப் பின் அதே நாட்களைத் திரும்பிப் பார்த்து, அன்று நான் எதை அறிய விரும்பவில்லை என்று கேட்கிறார். எமது பார்வையில் மூன்றிலும் இதுவே சிறந்தது. அலங்காரம் கிடையாது. அதிகாரியும் சிப்பாயும் ஒரே நாட்டில் இரண்டு வர்க்கமாக வாழ்ந்தது, எல்லையில் அகதிகள் திருப்பி அனுப்பப்பட்ட காலத்தில் சிப்பாய் எதையும் கேளாமலிருந்தது எல்லாம் ஒரு முதியவரின் வரண்ட குரலில் வருகிறது. முன்னாள் போராளிகளின் நினைவுக்குறிப்புகளைப் படிக்கும் எமது வாசகர்கள் இந்த நூலையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. தன்னை நியாயப்படுத்தாமலும் தன்னைச் சிலுவையில் அறையாமலும் எழுதமுடியும் என்பதற்கு இது ஒரு பாடம்.

மூன்றாவது, 'இராணுவமில்லாத சுவிஸ்? ஓர் அலட்டல்'. 1989இல் இராணுவத்தையே கலைத்துவிடலாமா என்று சுவிஸ் மக்களிடம் கேட்கப்பட்டது. அந்த வாக்கெடுப்பையொட்டி, தாத்தாவும் பேரன் யோனாசும் பேசிக்கொள்வதாக பிரிஷ் எழுதினார். சூரிச்சில் மேடையேறியது. நவம்பர் 26இல் 35.6 வீதம் பேர் இராணுவம் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். ஜெனீவாவும் யூராவும் ஆதரித்தன. தோற்ற பக்கம்தான், ஆனாலும் மூன்றிலொரு பங்குக்கு மேல் என்பது யாரும் எதிர்பாராதது. பிரிஷ் 1991 ஏப்ரலில் காலமானார்.

நாடகமாகப் பார்த்தால் இது பலவீனமானது. பேரன் பேச்சுக்கு இடம்கொடுக்க வைக்கப்பட்ட ஆள், தாத்தாவின் வாக்கியங்கள் எல்லாம் முன்கூட்டியே கூர்தீட்டப்பட்டவை. எமக்கு அதைவிடப் பெரிய குறை வேறு. இரண்டு ஆண்கள் இருந்து துவக்கைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தத் துவக்கு இருக்கும் அறையைக் கூட்டித் துடைக்கும் பெண் எங்கே? பிரிஷுக்கு இராணுவம் என்பது அரசு, வர்க்கம், வங்கி, அதிகாரி. அது ஒரு வீட்டுப் பொருளும்கூட, கட்டிலிலிருந்து நாலடி தூரத்தில் இருக்கும் பொருள் என்பது மூன்று நூல்களிலும் அவரது கண்ணில் சரியாகப் படவில்லை. சுவிஸ் பெண்களுக்குக் கூட்டாட்சி அளவில் வாக்குரிமை கிடைத்ததே 1971இல், அவரது டெல் நூல் வந்த அதே வருடம். அப்பென்செல் உள்மாநிலத்தில் 1990இல் நீதிமன்றம் தலையிட்டுத்தான் கிடைத்தது. அங்கே திறந்தவெளி மக்கள்சபைக்கு ஆண்கள் இடுப்பில் வாளோடு வருவார்கள், அந்த வாளே வாக்குச்சீட்டு. ஆயுதம் தாங்குபவனே குடிமகன் என்ற பழைய எண்ணம் இவ்வளவு பச்சையாக வேறெங்கும் கண்ணில் படாது. சூரிச்சில் ஒவ்வொரு செப்ரெம்பரிலும் பதின்மூன்று முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் இராணுவத் துவக்கால் சுட்டுப் போட்டியிடும் விழாவிலும் 1991இல்தான் பெண்பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். சமத்துவம் வந்தது உண்மைதான். துவக்கு வழியாக வந்தது.

பிரிஷ் விட்ட இடத்தை நிரப்பியவர்கள் எழுத்தாளர்கள் இல்லை. 2001 செப்ரெம்பர் 27இல் சூக் மாநிலப் பாராளுமன்றத்துக்குள் துவக்குகளோடு நுழைந்த ஒருவன் 14 அரசியல்வாதிகளைக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். நாடு அதிர்ந்தது, ஆனாலும் அது பைத்தியக்காரன் ஒருவனின் வேலை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டது. 2006 ஏப்ரல் 30இல் பனிச்சறுக்கு வீராங்கனை கொரீன் ரே-பெல்லேயும் அவரது சகோதரரும் அவரது கணவனால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கணவன் இராணுவ அதிகாரி, ஆயுதம் இராணுவக் கைத்துவக்கு. அதற்குப் பிறகுதான், பெண்கள் சஞ்சிகை ஒன்று கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான், கேள்வி அலுமாரிக்குத் திரும்பியது. முத்திரையிட்ட தகரப்பெட்டியில் ஒவ்வொரு சிப்பாயின் வீட்டிலும் இருந்த ரவைகளைத் திரும்பப் பெறுவதென 2007இல் முடிவானது. 2010இலிருந்து விரும்பியவர்கள் காரணம் சொல்லாமலே துவக்கை இராணுவக் களஞ்சியத்தில் வைக்கலாம்.

2011 பெப்ரவரி 13இல் மறுபடி ஒரு வாக்கெடுப்பு. மூன்று விடயங்கள் கேட்கப்பட்டன: இராணுவத் துவக்குகள் களஞ்சியத்தில் இருக்கவேண்டும், துவக்கு வைத்திருப்பவன் அதற்கான தேவையையும் தகைமையையும் காட்டவேண்டும், நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு. 56.3 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஜெனீவாவும் பாசல் நகரமும் ஆம் என்றன, டெல்லின் ஊரி மாநிலம் இல்லை என்றது. 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளோடு ஒத்துப்போகும் இறுக்கமான சட்டத்தை 63.7 வீதம் பேர் ஏற்றுக்கொண்டதும் உண்மை. ஆனால் அப்போது தராசில் துவக்கு மட்டும் இருக்கவில்லை, ஷெங்கன் எல்லைகளும் இருந்தன.

இந்த வாக்கெடுப்புகளின்போது அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த நாட்டில் துவக்கால் சாகிறவர்களில் மிகப் பெரும்பான்மையினர் தம்மைத் தாமே சுட்டுக்கொள்பவர்கள். 2003-04இல் இராணுவம் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. அத்தனை வீடுகளிலிருந்து துவக்கு போயிற்று. அதன்பின் படைவயதிலுள்ள ஆண்களிடையே தற்கொலை குறைந்தது என்றும், துவக்குக் கிடைக்காதவர்களில் சிறு பகுதியினரே வேறு வழிக்குப் போனார்கள் என்றும் 2013இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. சாக நினைத்தவன் எப்படியும் சாவான் என்று எம்மவரும்தான் சொல்வார்கள். தவறு. அந்த ஒரு இரவைத் தாண்டினால் பலர் வாழ்ந்துவிடுகிறார்கள். தனிமையும் கடனும் இரவு வேலையுமாக இருக்கும் எமது இளைஞர்களின் அறைகளை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கனடாவிலுள்ள எமது வாசகர்களுக்கு இவை வேறு பெயர்களில் பழக்கமானவை. சுவிஸ் வாக்கெடுப்பு நடந்து பத்தாவது நாள், 1989 டிசெம்பர் 6இல், மொன்றியலில் பொறியியல் கல்லூரியொன்றில் 14 பெண்கள் கொல்லப்பட்டார்கள். அதன் விளைவாய் வந்த நீள்துவக்குப் பதிவேட்டை 2012இல் கலைத்தும் விட்டார்கள். அமெரிக்கத் துவக்குப் பிரியர்களோ எப்போதும் சுவிசைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். ரவைகள் திரும்பிப் போனதை அவர்கள் சொல்வதில்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. எம்மில் ஒருவரின் தகப்பனார் வன்னியில் கமம் செய்தவர். கச்சேரியில் லைசென்ஸ் எடுத்த ஒற்றைக்குழல் துவக்கு வீட்டில் இருந்தது. பன்றிக்கு வெடி வைக்காமல் அங்கே பயிர் வீடு வராது. பக்கத்துக் காணிக்காரரிடம் இடியன் துவக்கு. அதனால் யாரும் யாரையும் சுட்டதாக அந்த ஊரில் பேச்சில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஓரிரவு பெடியன்கள் வந்து துவக்கைக் கேட்டார்கள், கொடுத்தார். சில மாதங்களில் இராணுவம் வந்தது, கையில் லைசென்ஸ் பட்டியல். துவக்கு எங்கே? பதில் சொல்ல முடியாதவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று கிழமை கழித்து வீடு வந்தார். கமத்துக்கு அதன்பின் போகவில்லை.

ஆகவே பதிவேடு என்றால் எமக்குத் தெரியும். 1983 யூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். அரசாங்கம் இன்றைக்குப் பதியும், நாளைக்குப் பறிக்கும், நாளை மறுநாள் உன்னைத் தேடி வரும் என்று ஒரு சுவிஸ் விவசாயி சொன்னால், நல்ல அரசில் மட்டுமே வாழ்ந்த மனிதனின் கற்பனை என்று நாம் அதைத் தள்ளிவிட முடியாது. எமக்கு அது கற்பனை இல்லை. அந்தத் தகப்பனாரை நினைத்துக்கொண்டு 2011இல் இங்கே வாக்குரிமை இருந்த எமது நண்பர்கள் சிலர் எதிர்த்தே வாக்களித்தார்கள். அவர்களோடு இரவிரவாக வாதாடியிருக்கிறோம்.

அவர்களுக்கு நாம் சொன்னது இதுதான். கொழும்பில் எம்மைத் தேடி வந்த பட்டியல் மனிதர்களின் பட்டியல், இன்னார் இன்ன இனம் என்ற பட்டியல். அதைப்போன்ற ஒன்று இந்த நாட்டின் ஆயுதச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது! மேலே பின்னர் சொல்கிறோம் என்றது இதைத்தான். 2008ஆம் ஆண்டின் ஆயுத ஒழுங்குவிதியின் 12ஆம் பிரிவு, சில நாட்டுப் பிரசைகள் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் தடைசெய்கிறது. சேர்பியா, பொஸ்னியா, கொசோவோ, வட மசிடோனியா, துருக்கி, இலங்கை, அல்ஜீரியா, அல்பேனியா. விசேட அனுமதி கேட்கலாம், கிடைத்தால் உண்டு. போர் நடந்த நாடுகள் என்பது நியாயமாக இருந்திருக்கலாம். எமது போர் 2009 மேயில் முடிந்த விதம் உலகத்துக்குத் தெரியும். இலங்கையின் பெயர் அதோடு பட்டியலிலிருந்து போய்விடவில்லை. அதே சட்டம், துவக்கின் இயங்குபாகம் போன்ற முக்கிய பகுதிகளையும் துவக்கைப்போலவே கணக்கில் எடுக்கிறது. கண்டிப்பாகப் படித்தால், நகைப்பெட்டிக்குள் அதைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிய அந்தத் தாய், முழு வீட்டிலும் அந்தத் துவக்குக்கு அதிகம் பயந்த ஒரே ஆள், சட்டத்தை மீறியிருக்கிறார்.

இதை நண்பருக்கு வாசித்துக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்னை நம்பயில்லை. ஆனால் என்ரை பெடியனை நம்புகினம். அவனை வளத்தது நான்தானே?" என்றார்.

எமக்கும் முதலில் வந்தது கோபம்தான். துவக்கு வேண்டும் என்ற ஆசையால் இல்லை. நாற்பது வருடம் உணவகத்திலும் மருத்துவமனையிலும் இந்த நாட்டின் தட்டுக் கழுவியவனைப் பார்த்து, உனது கடவுச்சீட்டின் நிறம் ஆபத்தானது என்று ஒரு விதி சொல்வது அவமானம். ஆனால் எமது சங்கங்கள் சில பேசியதுபோல, இலங்கையின் பெயரை நீக்குங்கள், எமக்கும் சம உரிமை தாருங்கள் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. பட்டியலில் இல்லாத நாட்டு மனிதன் சூக்கில் என்ன செய்தான்? கொரீனின் கணவன் எந்தப் பட்டியலில் இருந்தான்? பதினெட்டு வாரப் பயிற்சியும் சிவப்புக் கடவுச்சீட்டும் ஒருவனின் நடு இரவுக்குப் பொறுப்பேற்காது. மனிதர்களை நாடுநாடாகப் பிரித்துப் பதியும் விதியை எடுத்துவிட்டுத் துவக்குகளை இலக்கம் இலக்கமாகப் பதியட்டும். கமக்காரனுக்குப் பன்றி இருந்தால் அவன் அதைச் சொல்லி எடுக்கட்டும், போட்டிக்குச் சுடுகிறவன் போட்டியைச் சொல்லட்டும். படைத் துவக்கு படைக் களஞ்சியத்தில் கிடக்கட்டும். 2011இல் கேட்கப்பட்டதும் ஏறத்தாழ இதுதான். பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும் அரசின் கையில் துவக்குப் பட்டியலைக் கொடுப்பதிலுள்ள பயம் எமக்கு முற்றாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். அந்தப் பயத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

நண்பரின் மகன் பிற்பாடு துவக்கைக் களஞ்சியத்தில் கொடுத்துவிட்டான். தாய்க்காகத்தான் என்று சொன்னான். சக சிப்பாய்கள் கேட்டபோது வீட்டில் இடமில்லை என்று சொல்லிச் சமாளித்தானாம். பெட்டி திறக்கப்பட்டபோது உறுதியின் ஓரத்தில் எண்ணெய் பட்டிருந்தது. துடைக்கத் துடைக்கப் பரவுகிறது என்று தாய் சொன்னார். காணி இப்போது விடுபட்டுவிட்டது, போய்ப் பார்த்தும் வந்திருக்கிறார்கள், வீட்டில் கூரை இல்லை.

இளையவனுக்கு இப்போது அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது. 1989இல் யோனாசுக்கு முன்னால் இருந்த தெரிவுகள் இரண்டு, படை அல்லது சிறை. 1996இலிருந்து குடிசார் சேவை என்ற மூன்றாவது ஒன்று இருக்கிறது, படைச்சேவையைப்போல ஒன்றரை மடங்கு நாட்கள். அவன் தமையனிடம் கேட்டான், தமையன் எம்மிடம் அனுப்பினான். நாம் ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. 'சேவைப் புத்தகம்' எம்மிடம் ஒரு பிரதிதான் இருந்தது, பக்கங்கள் கழன்ற பிரதி. கொடுத்தோம். அது இன்னும் திரும்பி வரவில்லை.